ஹார்பரை விட்ட காரணம்

சேசு மரி சூசை

ராயபுரம்,
17-11-1974, ஞாயிறு

அன்பு மகன் இக்னேஷியசுக்கு அப்பா எழுதிக்கொள்வது. சர்வேசுரன் புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் ஹில்டாவும் காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், கடல் தாண்டி இருக்கும் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்ல உடம்போடு இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்வது, போர்ட் பிளேருக்கு எட்டிப் பார்த்துவிட்டு வரவா முடியும். இங்கே மழை பிடித்துக்கொண்டது. சமையற்கட்டில் பழைய இடத்திலேயே ஒழுகுகிறது, அம்மா அதன் கீழே அண்டாவை வைத்துவிட்டு, தெருக்குழாயில் தண்ணீர் வராத நாளிலும் எங்கள் வீட்டுக்குள் வருகிறது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கல்லறைத் திருநாளுக்குக் காசிமேட்டுக்குப் போய்த் தாத்தா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் பூ வைத்துவிட்டு வந்தோம். உனக்குக் கருவாடு கட்டி அனுப்ப வேண்டுமாம், அந்தமான் கப்பலில் போகிற ஆள் யாராவது உண்டா என்று தினம் ஒரு விசாரிப்பு. மீனுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கருவாடு எதற்கடி என்றேன், "அந்த மீனு வேற, காசிமேட்டுக் கருவாடு வேற, உங்களுக்கு இன்னா தெரியும்" என்று என் வாயை அடைத்துவிட்டாள். ஹில்டாவுக்குப் பாரீஸ் கார்னரில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருக்கிறது, நாலாம் தேதியிலிருந்து போய்வருகிறாள். கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு, மணி கேட்காதவர்களுக்கும் மணி சொல்கிறாள்.

இனி உன் கடித விஷயத்துக்கு வருகிறேன். குவைத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம், நம் பணத்தில் மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் வரும், இப்போது தீவுப் படகில் என்ஜின் பார்த்து வாங்குவது நானூற்றுப் பத்து, டிசம்பர் பத்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், அப்பா சொன்னால் சரி என்று எழுதியிருந்தாய். அதோடு நிறுத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடைசியில் ஒரு வரி எழுதினாயே, "உங்களுக்குப் பிடித்த ஹார்பர் வேலையை எங்களுக்காக விட்டுவிட்டுப் பதின்மூன்று வருஷமாகத் திருவொற்றியூர் கம்பெனியில் கார்டு அடித்துக்கொண்டிருக்கிறீர்கள், இந்தப் படகு எனக்குப் பிடித்திருக்கிறது என்று நான் மட்டும் எப்படி இங்கேயே உட்கார்ந்திருப்பது" என்று. அம்மா அதை ஹில்டாவை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். மறுநாள் காலையில் நான் ஒரு பதில் எழுதினேன், தாராளமாகப் போ மகனே, சம்பளம் பெரிது என்று. கீழே கையெழுத்துப் போட்டேன், அப்புறம் அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில் ஒன்று கேட்கிறேன், உன் கடிதங்களை நீயே திருப்பிப் படித்திருக்கிறாயா? ஆனி மாதம் ஒன்று எழுதினாய். இரண்டு தீவுக்கு நடுவில் என்ஜின் நின்றுபோய், படகில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வலியில் கத்திக்கொண்டிருக்க, பம்பு வாஷர் கிழிந்திருப்பதைக் கண்டுபிடித்து உன் தோல் செருப்பை வெட்டி அதில் வாஷர் செய்து மாட்டினேன், என்ஜின் இருமிவிட்டுப் புறப்பட்டது, ஒற்றைச் செருப்போடு கரையேறினேன் என்று எட்டுப் பக்கம். ஹில்டா அதைச் சத்தமாகப் படிக்க, அடுத்த வீட்டுக்காரர்கள்கூட வந்து உட்கார்ந்து கேட்டார்கள், அந்தப் பெண்ணுக்கு என்ன குழந்தை என்று எழுதாமல் விட்டுவிட்டானே என்று அம்மாவுக்கு இன்னும் ஆத்திரம். குவைத்தைப் பற்றி எழுதியது ஒன்றரைப் பக்கம். அதில் முக்கால் பக்கம் எண். கூரை ஓடு மாற்ற இவ்வளவு, ஹில்டா கல்யாணத்துக்கு இவ்வளவு, அப்பா ஓய்வுக்கு இவ்வளவு. உனக்கு என்று அதில் ஒரு வரி இல்லை. நான் படித்தவன் இல்லை, ஆனால் ஒரு கடிதத்தில் எங்கே ஆள் இருக்கிறான் எங்கே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அதற்காகச் சம்பளத்தை மட்டமாகப் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. கம்பெனிச் சம்பளம் இல்லாவிட்டால் உன்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்திருக்க முடியாது, அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது கை ஏந்தாமல் இருந்ததும் அந்தச் சம்பளத்தால்தான். அம்மா கட்சி அதுதான், அவள் சொல்வதையும் அப்படியே எழுதுகிறேன், பிறகு என்னைத் திட்டாதே: "ரெண்டு வருசம் போய்ட்டு வரட்டுமே, இன்னா கெட்டுப்பூடும், படகு எங்க ஓடிப்பூடும், அங்கயேதான கீது." ஹில்டா கட்சி வேறு. "எங்கல்யாணத்த அண்ணன் தலையில கட்டாதீங்க, நான் சம்பாரிக்கறேன் இல்ல, எனக்கு இன்னா அவசரம்" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சண்டை போடுகிறாள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் கட்சி என்ன என்று நீ கேட்டாய், அதைச் சொல்வதற்கு எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று நீயே முடிவு செய்துகொள்.

நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் நீ என்னைப் பார்த்திருக்கிறாய், வேலையில் நிற்கும்போது பார்த்ததில்லை. பார்த்திருக்க வேண்டும்டா. கப்பலின் மேல்தளத்தில் சரக்கறை வாய் ஓரத்தில் நான் நிற்பேன். கீழே முப்பதடி ஆழத்தில் ஆட்கள் சரக்கைக் கட்டிக்கொண்டிருப்பார்கள், கரையில் கிரேன் உச்சியில் கூண்டுக்குள் சௌக்கத் அலி உட்கார்ந்திருப்பான். அவனுக்குக் கீழே இருக்கும் ஆட்கள் தெரியாது, அவர்களுக்கு அவன் தெரியாது, இரண்டு பக்கமும் பார்க்கிறவன் சிக்னல்மேன் ஒருத்தன்தான். கையை மேலே தூக்கினால் சரக்கு ஏறும், தாழ்த்தினால் இறங்கும், முஷ்டியை மடக்கினால் அந்தரத்தில் அப்படியே நிற்கும். சரக்கு தொங்கிக்கொண்டிருக்கும்போது கை தானாக அசையக் கூடாது, மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் விரட்டக் கூடாது, அது எங்கள் சட்டம். வெயிலில் கூண்டுக் கண்ணாடி மினுக்கும், அவன் முகமே தெரியாது, ஆனால் கிரேன் அசைகிற தினுசைப் பார்த்தே அவன் காலையில் நாஷ்டா சாப்பிட்டானா, பெண்சாதி ஜன்னத்தோடு சண்டை போட்டுவிட்டு வந்தானா என்று சொல்லிவிடுவேன். கோதுமை மூட்டை, காகித உருளை, தையல் மிஷின் பெட்டி என்று எத்தனையோ இறக்கினோம். ஒரு தடவை சர்க்கஸ் கம்பெனி யானை வந்தது. வயிற்றுக்குக் கீழே பட்டை போட்டுத் தூக்கியாகிவிட்டது, இறக்கும்போது நாலு காலும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும், ஒரு கால் முந்தினாலும் மிரண்டுவிடும் என்று பாகன் கையைப் பிசைகிறான். நான் உள்ளங்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்த அவன் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க, நாலு காலும் ஒன்றாகப் பட்டது. யானைக்கே தெரியவில்லை தரை வந்துவிட்டது என்று. அந்தக் கப்பல் கேப்டன் தொப்பியைக் கழற்றி எங்கள் இரண்டு பேருக்கும் காட்டினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தட்டைத் தொடாமல் நான் சிரித்துக்கொண்டே இருந்தேன் என்று அம்மா இப்போதும் சொல்வாள். கிறிஸ்துமசுக்கு நம் வீட்டுக் கல்கல் பலகாரம் சௌக்கத் அலி வீட்டுக்குப் போகும், ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி தூக்கில் நம் வீட்டுக்கு வரும், உனக்கு அந்தக் கஞ்சி ஞாபகம் இருக்கும், தூக்கின் அடியை விரலால் வழித்தவன் நீதான். இருபது வருஷம். சம்பளம் நூற்றிருபத்தெட்டு ரூபாய், பத்தாது, மாதக் கடைசியில் கஞ்சிதான், ஆனால் காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்ன கப்பல் வந்திருக்கும் என்றுதான் நினைப்பு ஓடும்.

இப்போது உனக்கும் அம்மாவுக்கும் இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன். 1961 அக்டோபர், செபமாலை மாதம், வியாழக்கிழமை. கீழிருந்து இரண்டு டன் மிஷின் பெட்டி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. ஆள் இடுப்புயரம் வந்ததும் ஒரு பக்கம் சாய்ந்தது, முஷ்டியை மடக்கினேன், நின்றது. கொருக்குப்பேட்டை சண்முகவேல் என்று ஒருத்தன், நல்ல வேலைக்காரன், பெட்டிக்கு அடியில் காலை நீட்டிக் குனிந்து சங்கிலியைச் சரிசெய்துகொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து நம் பங்குக் கோவில் மணி பன்னிரண்டு அடித்தது. திரிகால ஜெப மணி. அந்த மணி கேட்டால் நம் கை எங்கே போகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, தொட்டிலில் கிடக்கும்போதே பழக்கிவிட்ட கை. மற்ற நாளில் சரக்கு தொங்கும்போது மணி அடித்தால் கையை அசைக்காமல் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன், இருபது வருஷமும் அப்படித்தான் சொன்னேன். அன்றைக்கு மட்டும் கை தானாகச் சிலுவை போடப் போய்விட்டது. ஏன் போனது என்று இந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது. பிதா என்று நெற்றியைத் தொட்டு, சுதன் என்று நெஞ்சுக்கு இறங்கினேன், அதற்கு மேல் சொல்லவில்லை, ஏனென்றால் கை இறங்கியதைப் பார்த்துச் சௌக்கத் அலி பெட்டியை இறக்கிவிட்டான். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை, என் கை இறங்கினால் பெட்டி இறங்க வேண்டும், அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். சண்முகவேல் போட்ட சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. இடது பாதம் முன்பக்கம் நசுங்கிப்போய், ஆஸ்பத்திரியில் பாதியை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து வந்தான், ஹார்பர் கேட்டில் உட்காருகிற வேலை கொடுத்தார்கள், இன்றைக்கும் விந்திக்கொண்டுதான் நடக்கிறான்.

விசாரணையில் என்னையும் சௌக்கத் அலியையும் கூப்பிட்டார்கள். அவனை முதலில் கேட்டார்கள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பிரேக்கு வழுக்கிட்ச்சு சார், நான்தான் கவனிக்கல" என்று சொன்னான். அடுத்து என்னைக் கேட்டார்கள், நீ என்ன சிக்னல் கொடுத்தாய் என்று. நிறுத்து என்றுதான் காட்டினேன் என்றேன். அது பொய்யில்லை, முதலில் அப்படித்தான் காட்டினேன், அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய், ஹில்டா சின்னவள் என்று எனக்கு நானே ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவனுக்கு ஒரு மாதம் சஸ்பெண்ட், சம்பளம் கிடையாது, அதற்கப்புறம் கிரேனிலிருந்து இறக்கி ஒன்றரை வருஷம் கரி யார்டில் போட்டார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் அதே இடத்தில் போய் நின்றேன், கூண்டில் வேறு ஆள். பதினொன்றரை மணியானால் எனக்கு வேர்க்க ஆரம்பித்துவிடும், மணி அடிக்கும்போது இரண்டு கையையும் இடுப்புத் துண்டுக்குள் செருகிக்கொள்வேன், அப்படியும் நடுங்கும். நடுங்குகிற கையை வைத்துக்கொண்டு சிக்னல்மேன் வேலை பார்க்க முடியாது, இன்னொருத்தன் கால் போய்விடும் என்ற பயம். அப்போதுதான் திருவொற்றியூர் கம்பெனி டைம் ஆபீசுக்கு ஆள் எடுக்கிறார்கள், சம்பளம் நூற்றுத் தொண்ணூறு என்று யாரோ சொன்னார்கள். அங்கே என் கையைப் பார்த்து யாரும் எதையும் ஏற்றவும் மாட்டார்கள் இறக்கவும் மாட்டார்கள், எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. நூறு ரூபாய் என்று சொல்லியிருந்தாலும் போயிருப்பேன் மகனே இன்னாசி. இதுதான் நான் ஹார்பரை விட்ட காரணம், பயந்து ஓடினேன்.

ஆனால் வெளியில் சொல்வதற்குச் சம்பளம் இருந்ததே. சம்பளம் ஜாஸ்தி என்று சொன்னால் போதும், இந்த ஊரில் ஒருத்தரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. மேஸ்திரி கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள், எங்க வூட்டுக்காரர் உசிரா இருந்த வேலையப் புள்ளைங்களுக்காக விட்டாரு என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் என்னையே உதாரணமாகச் சொன்னார், பிள்ளைகளின் படிப்புக்காகத் தன் சந்தோஷத்தை விட்ட தகப்பன் என்று, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள், எனக்குப் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. நம் கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்யத் தைரியம் இல்லாமல் பரங்கிமலை வரை போய் முன்பின் தெரியாத சாமியாரிடம் சொன்னேன். பாதிக்கப்பட்ட இரண்டு பேரிடமும் போய் உண்மையைச் சொல், அதுதான் உனக்கு அபராதம் என்றார். பதின்மூன்று வருஷமாக அந்த அபராதத்தைச் செய்யாமலே நற்கருணை வாங்கிக்கொண்டிருக்கிறேன். கம்பெனி வேலை கெட்ட வேலை என்று சொல்ல மாட்டேன், மேலே விசிறி ஓடுகிறது, மழையில் நனைவதில்லை, எல்லாரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். கார்டு வரும், மிஷினில் விடுவேன், டிங் என்கும், அடுத்த கார்டு வரும். லீவு நாளில் நான் கடற்கரை ரோட்டுப் பக்கம் நடக்கப் போகிறேன் என்று சொல்வேனே, அது நடக்க இல்லை, ஹார்பர் மதிலுக்கு மேலே கிரேன் தலை தெரியும், அதைப் பார்க்கத்தான்.

நீ அந்த வரியை எழுதாமல் இருந்திருந்தால் இதையெல்லாம் என்னோடு காசிமேட்டுக் கல்லறைக்கே கொண்டு போயிருப்பேன். நான் சொன்ன பொய்யைப் பார்த்து நீ உன் வேலையை விடப் போகிறாய் என்று படித்தபோது, இடுப்புயரத்தில் தொங்குகிற பெட்டியும் அதற்கடியில் நீட்டின காலும்தான் எனக்குத் தெரிந்தது, இந்தத் தடவை கால் உன்னுடையது. அதனால்தான் வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு வண்ணாரப்பேட்டைக்குப் போய்ச் சௌக்கத் அலியைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது, மறுபடி கிரேனில்தான் இருக்கிறான். ஜன்னத் டீ கொடுத்துவிட்டு உள்ளே போனதும் அத்தனையும் சொன்னேன், சொல்லும்போது அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் எழுதுகிறேன். முதலில் சிரித்தான். "இன்னா சவரி, இத்தச் சொல்லவா லீவு போட்டுகினு வந்த? எனுக்குத் தெரியாதா? கூண்டுல குந்திகினு உன் கையத்தான பாத்துகினு இருந்தேன்" என்றான். தெரிந்தும் ஏன் உன் மேல் போட்டுக்கொண்டாய் என்று கேட்டேன். "சாமி கும்புட்ட கைய எப்டிப்பா தப்புன்னு சொல்றது, நானும் தொழுவுறவன்தான" என்றான். அப்புறம்தான் அவனுக்குக் கோபம் வந்தது. "சம்பளம் போச்சு, கரி யார்டுல கெடந்தேன், அதெல்லாம் ஒரு பேஜாரே இல்ல. டீக்கடையாண்ட வந்து, கம்பெனில அறுவது ரூவா ஜாஸ்தி குடுக்கறான் சௌக்கத்து, அதான் போறேன்னு எம்மூஞ்சிய நேராப் பாத்துச் சொன்ன பாரு, அதான்யா தாங்கல. பயமா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கையப் புட்ச்சி மறுபடி அங்கயே நிக்க வெச்சிருப்பேன்" என்றான். உனக்கப்புறம் எட்டுப் பேர் வந்தானுங்க, ஒருத்தன் கையும் உன் கை மாதிரி இல்லை என்றும் சொன்னான். வாசல்வரை வந்து, சண்முகவேலிடம் நீதான் சொல்ல வேண்டும், நான் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு என் தோளில் ஒரு அடி போட்டான், வலி இன்னும் இருக்கிறது.

ஆகையால் மகனே, குவைத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்காதே. உனக்கே அந்தப் பணம் வேண்டும், இரண்டு வருஷம் ஸ்டோரில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை, நாலு காசு பார்த்துவிட்டு வருகிறேன் என்று உன் மனசு சொன்னால் சந்தோஷமாகப் போ, அதில் ஒரு குறைச்சலும் இல்லை, சம்பாதிக்கப் போகிறவனை நான் ஏன் தடுக்கிறேன். படகில் ஏதாவது மனக்கஷ்டம் இருந்து அதிலிருந்து தப்பிக்கப் போகிறாய் என்றால் அதை எனக்கு எழுது, யாருக்கும் சொல்ல மாட்டேன், ஆனால் அதற்குச் சம்பளம் என்று பேர் வைக்காதே, நான் வைத்துப் பார்த்துவிட்டேன், பதின்மூன்று வருஷமானாலும் அது ஆறுவதில்லை. எனக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்று போகிறாய் என்றால் போகவே போகாதே. உனக்காக நான் எதையும் விடவில்லை. நீ எனக்குத் திருப்பிச் செய்ய ஒன்றுமே இல்லை. இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது, பிள்ளை கண்ணுக்கு நான் பெரிய மனிதனாக இருந்தேனே, அதை என் கையாலேயே இறக்கிவிட்டேனே என்று. போகட்டும்.

இதுவரை எழுதினதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள், பாதியில் கை நின்றுவிட்டது. கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். பிறகு, "பதிமூணு வருசமா உங்களப் பத்தி நான் தெருவுல பேசினதெல்லாம் இப்ப யாரு போய் வாரிகினு வர்றது" என்று கேட்டாள். இப்போது பார்த்தால் நல்ல சேலை மாற்றிக்கொண்டு கொண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள், எங்கே என்றேன், கொருக்குப்பேட்டைக்கு நீங்கள் தனியாகப் போய்விடுவீர்களா, பாதி வழியில் திரும்பி வந்துவிடுவீர்கள், நானும் வருகிறேன் என்றாள். சண்முகவேல் என்ன சொல்வானோ தெரியாது. அவன் பெண்சாதி சொக்கம்மாள் வாய் எப்படிப்பட்டது என்று கேட்டில் எல்லாரும் சொல்வார்கள், கரண்டியால் நாலு போட்டாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். போகிற வழியில் இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போகிறேன், அங்கே போய்விட்டு வந்தால் மனசு மாறி இதையும் அடுப்பில் போட்டுவிடுவேன்.

எங்கே இருந்தாலும் சர்வேசுரனும் தேவமாதாவும் உன் பக்கத்தில் நிற்கட்டும், எந்தக் கடலில் போனாலும் கரை உன் கண்ணில் படட்டும், உன் கை தொடுகிற என்ஜின் ஓடட்டும், குவைத் என்றால் உன் கை தொடுகிற பூட்டு திறக்கட்டும். எண்ணெய் தேய்த்துக் குளி, மழைக்காலத்தில் ஈரச் சட்டையோடு நிற்காதே, பத்தாம் தேதிக்குள் அந்தக் கம்பெனிக்கு ஏதாவது ஒரு பதில் எழுதிவிடு, காக்க வைக்காதே. எனக்கும் எழுது. போகிறேன் என்றாலும் இருக்கிறேன் என்றாலும் கோவிலில் மெழுகுவர்த்தி உண்டு. உங்களுக்காக என்று மட்டும் அதில் ஒரு வார்த்தை இருந்தால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். இன்னொன்று, படகில் யாரிடமாவது எங்கப்பா எனக்காக வேலையை விட்ட தியாகி என்று சொல்லி வைத்திருந்தால் போய்த் திருத்திச் சொல். ஹார்பரில் சிக்னல்மேனாக இருந்தார், ஒரு நாள் கை தவறிவிட்டது, சிநேகிதன் தன் மேல் போட்டுக்கொண்டான், இவர் பயந்து ஓடிவிட்டார் என்று சொல். அவ்வளவும் சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்தால், சிக்னல்மேனாக இருந்தார், நல்ல சிக்னல்மேன் என்று மட்டும் சொல். அது நிஜம்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
ம. சவரிநாதன்